கை மாறி வந்த நாலு கம்பி
(ஒரு பழைய பேஸ் கிடாரின் வரலாறு)

மலர்க் குழுவினர் கூப்பிட்டு, "இந்த வருஷம் உன்னிடமிருந்து ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும்" என்றபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் இயந்திரவியல் படித்தவன். வரலாறு எனக்குப் பத்தாம் வகுப்போடு முடிந்துபோன சங்கதி. ஆனால் அந்த வாரம்தான் என் வீட்டுப் பரணில் கிடந்த பழைய பேஸ் கிடாரை விற்றிருந்தேன். விற்பதற்கு முன் அதைப் பிரித்துத் துடைத்தபோது உள்ளே ஒரு வரலாறே இருந்தது. அதையே எழுதிவிடலாம் என்று துணிந்தேன்.

2007 முதல் 2011 வரை நம் விடுதியில் இருந்தவர்களுக்கு அந்தக் கிடார் ஞாபகம் இருக்கும். விடுதி நாள் மேடையில் டிரம்ஸுக்குப் பக்கத்தில், வெளிச்சம் படாத மூலையில் நின்று வாசித்தவன் நான்தான். பாடுகிறவனுக்குக் கைதட்டல் கிடைக்கும். பேஸ் வாசிக்கிறவனுக்கு, "மச்சான், நீ என்னடா வாசிச்சே? ஒண்ணுமே கேக்கலையே!" என்ற பாராட்டு கிடைக்கும். பேஸின் குணமே அதுதான். இருக்கும்போது யாருக்கும் தெரியாது. நடுவில் நின்றுவிட்டால், பாட்டு அஸ்திவாரம் இல்லாத வீடு மாதிரி ஆகிவிடும்.

ரேடியோ மெக்கானிக் செய்த வேலை

பேஸ் கிடார் வருவதற்கு முன் கீழ்ச் சுரங்களைத் தாங்கியது டபுள் பேஸ் என்னும் ஆளுயர வாத்தியம். தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்ப் போவது கஷ்டம். மற்ற வாத்தியங்களின் சத்தத்தில் அதன் ஒலி அமுங்கியும் போகும். 1930களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர், கிடார் போலப் படுக்கையாகப் பிடித்து வாசிக்கும் மின்சார பேஸ் ஒன்றைச் செய்து விற்றுப் பார்த்தார். அது எடுபடவில்லை.

1951-ல் கலிபோர்னியாவின் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த 'பிரசிஷன் பேஸ்'தான் உலகத்தைப் பிடித்தது. இவர் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். கிடார் வாசிக்கவே தெரியாதவர் என்பது குறிப்பிடத்தக்கது. 34 அங்குல நீளத்துக்கு நாலு கம்பி கட்டி, கழுத்தில் உலோகக் கட்டைகள் பதித்தார். எந்தக் கட்டைக்குப் பின்னால் விரலை வைத்தாலும் சுரம் துல்லியமாக விழும். பெயர்க் காரணமும் அதுவே. அடிக் கம்பியின் 'ஈ' சுரம் நொடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வு.

ஒலி வருகிற விதம் நமக்கு முதலாண்டு இயற்பியல். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருள் இருக்கும். மேலே இரும்புக் கம்பி அதிர, காந்தப் புலம் மாறி, சுருளில் மின்சாரம் பிறக்கும். அதற்குப் பெயர் பிக்கப். நம் ஊர்ப் பட்டறைகளில் பம்புசெட் மோட்டாருக்குக் கட்டுகிறார்களே, அந்தக் காயிலுக்கு இது தூரத்து ஒறம்பரை எனலாம்.

கோவைக்கு வந்த வழி

சினிமா இசைக்கும் கோவைக்கும் உள்ள உறவு பழையது. சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜா ஸ்டுடியோவும் இங்கேதான் இருந்தன. ஜூபிடர் நிறுவனம் சென்ட்ரல் ஸ்டுடியோவில் படம் எடுத்த காலத்தில், அங்கே சிறு வேலைகள் பார்த்துக்கொண்டே எஸ்.எம்.சுப்பையா நாயுடுவிடம் இசையில் வளர்ந்தவர் எம்.எஸ்.விஸ்வநாதன். 1954-ல் வந்த 'மலைக்கள்ளன்' பட்சிராஜாவின் தயாரிப்பு. பிறகு சினிமா முழுவதும் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது. நமக்கு மிஞ்சியது கேட்கிற காதும், நோம்பிக்கு நோம்பி மேடை ஏறும் மெல்லிசைக் குழுக்களும்.

1976-ல் 'அன்னக்கிளி' மூலம் இளையராஜா வந்தார். அவர் பாட்டுகளில் பேஸ், தாளத்தோடு தலையாட்டிக்கொண்டு மட்டும் போகாது. பாடகருக்குக் கீழே தனியாக ஒரு மெட்டுப் பாடிக்கொண்டு போகும். அவருடைய குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். 1978-ல் 'பிரியா' ஸ்டீரியோவில் பதிவாகி வந்தது. சின்ன ரேடியோப் பெட்டியில் கேட்காத கீழ்ச் சுரமெல்லாம் டீக்கடை டேப் ரெக்கார்டரிலும் டவுன் பஸ் ஸ்பீக்கரிலும் நெஞ்சில் வந்து இடிக்க ஆரம்பித்தது. அப்புறம் நோம்பி மேடையில் பேஸ் இல்லாமல் பாடினால் ஜனம் ஒத்துக்கொள்ளுமா?

ஆனால் கிடாருக்கு எங்கே போவது? இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டும். 1991-க்கு முன் உச்ச சுங்க வரி 300 சதவீதத்தையும் தாண்டியிருந்தது. நுகர்பொருள்கள் மீதான அளவுக் கட்டுப்பாடு முழுவதுமாக நீங்கியது 2001 ஏப்ரலில்தான். ஆகவே கப்பலில் வேலை பார்த்தவர், சிங்கப்பூர் போய் வந்தவர் என்று யாரோ கொண்டுவந்த ஒன்று, சென்னையில் ஒருவர் கைக்குப் போய், அவர் வேறொன்று வாங்கும்போது பழையது சேலம், ஈரோடு, கோவை என்று இறங்கும். நம் பக்கத்தில் பேஸ் கிடாரின் வரலாறு என்பது பெரும்பாலும் பழைய சாமான் விற்ற வரலாறுதான். ஒருவர் விற்றால்தான் இன்னொருவர் வாசிக்க முடியும்.

ஏழாயிரம் ரூபாய், நாலு தவணை

நான் வாங்கியதும் அப்படித்தான். 2009-ல், மூன்றாம் ஆண்டு. உக்கடம் பக்கம் ஒரு பெரியவர். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் மேடையில் வாசித்தவர். தோள்பட்டை வலியில் கிடாரை இறக்கி வைத்துவிட்டார்.

"வாங்க தம்பி, உக்காருங்க. இது எனக்கு முன்னாடியே மூணு பேரு கையில இருந்ததுங்க. நாலு கிலோவுக்கு மேல இருக்குது, இனி என்னால தூக்கிட்டு நிக்க முடியறதில்லீங்க" என்றார். நோம்பி மேடைக் கதைகளும் சொன்னார். எர்த் சரியில்லாத மேடையில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வரும். பேஸின் 'ஜி' சுரம் 49 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒட்டிக்கொள்ளும். "ஜெனரேட்டரும் நம்மகூட சேர்ந்து பேஸ் வாசிக்குது பாருங்கன்னு சொல்லிச் சிரிப்போமுங்க" என்றார்.

பத்தாயிரம் சொன்னார். என் முகத்தைப் பார்த்து ஏழாயிரத்துக்கு இறங்கி, நாலு தவணைக்கும் சம்மதித்தார். "அவ்வளவு பிரியமா வெச்சிருக்கீங்க, விக்க மனசு வருதுங்களா ஐயா?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

"சும்மா கொடுத்தா வாங்குனவன் மூலையில சாத்தி வெச்சுருவான் தம்பி. காசு கொடுத்து வாங்குனவன்தான் வாசிப்பான்."

பிரித்துப் பார்த்தபோது

படிப்பு முடிந்தது. வேலை, கல்யாணம், பிறகு சொந்தமாக ஒரு சிறிய பம்பு உதிரிபாகப் பட்டறை. கிடார் பரணுக்குப் போனது. போன வருஷம் ஆர்டர்கள் குறைந்து வங்கித் தவணை கழுத்தைப் பிடித்தபோது, விற்கக்கூடியது என்னவெல்லாம் இருக்கிறது என்று பட்டியல் போட்டதில் இதுவும் சேர்ந்தது.

கழுத்தை உடலோடு பிணைக்கும் தகட்டில் ஜப்பானில் செய்தது என்ற முத்திரை மட்டும் இருந்தது. தலையில் இருந்த கம்பெனிப் பெயர் தேய்ந்து போயிருந்தது. 1970களில் ஜப்பானியர்கள் அமெரிக்கக் கிடார்களைப் பார்த்து அப்படியே செய்து குவித்தார்கள். தலைப்பகுதியின் வடிவத்தைக் காப்பியடித்ததாக 1977-ல் அமெரிக்காவில் வழக்கே நடந்தது. இதுவும் அந்தக் குடும்பம்தான்.

விரல் பலகை ரோஸ்வுட். நம் ஆனைமலையிலும் நீலகிரியிலும் விளையும் ஈட்டி மரத்தின் இனம். பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது அருகியதும் உலகக் கிடார்க் கம்பெனிகள் இந்திய ஈட்டிக்கு மாறின. மார்ட்டின் கம்பெனி 1969-ல் மாறியது. நம் அரசு 1994-ல் ஈட்டி மரத்தைக் காக்கத் தனிச் சட்டமே போட்டது. என் கிடாரின் பலகை எந்தக் காட்டு மரமோ! நம் மலையிலிருந்து கப்பலேறிய மரமாகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை.

கம்பியை முறுக்கும் சாவிகளில் ஒன்று மட்டும் பித்தளை. லேத்தில் கடைந்தது, வெட்டுத் தடம் தெரிந்தது. முன்பக்கத்துத் தகட்டைக் கழற்றியபோது, அடியில் பென்சிலில் "காயில் கட்டியது 1994, 8200 சுத்து" என்று எழுதியிருந்தது. தலைமுடிக் கனமுள்ள கம்பியை எட்டாயிரத்து இருநூறு சுற்று, அறுந்துபோகாமல் யாரோ கையால் சுற்றியிருக்கிறார். 1937-லேயே ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்த ஊர் இது. இங்கே காயில் எரிந்தால் தூக்கி எறிய மாட்டார்கள், கட்டிவிடுவார்கள்.

விலை பேசியது

பழைய வாத்தியங்கள் வாங்கி விற்கும் வெளியூர் வியாபாரி ஒருவரிடம் போட்டோக்களை அனுப்பினேன். இருபத்திரண்டாயிரம் தருவதாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சார், தலையில பேரு இல்லாதது ஒரு வகையில நல்லதுதான். நல்ல அமெரிக்கன் ஸ்டிக்கர் ஒண்ணு ஒட்டிடுங்க. காயில் கட்டினதைச் சொல்ல வேண்டாம். நாப்பத்தஞ்சு தர்றேன்" என்றார்.

பெயருக்கு அவ்வளவு மதிப்பு ஏன் என்றால், ஃபெண்டர் தன் கம்பெனியை 1965-ல் 130 லட்சம் டாலருக்கு சி.பி.எஸ். நிறுவனத்திடம் விற்றார். அதற்கு முன் செய்தவைதான் உசத்தி என்று சேகரிப்பாளர்கள் நம்புகிறார்கள். யார் வாசித்தது என்பதற்கும் விலை உண்டு. பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க்கில் சுமார் 30 பவுனுக்கு வாங்கிய பேஸ் 1972-ல் திருடு போய், கடைசியில் தென் இங்கிலாந்தில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து கிடைத்தது. 2024-ல் அது அவரிடம் திரும்பிய செய்தி வந்தது. ஒரு கோடி பவுன் பெறும் என்றார்கள். ஜேம்ஸ் ஜேமர்சன் என்ற மேதையின் பேஸ் 1983-ல், அவர் இறப்பதற்குச் சற்று முன் திருடு போனது. அது கிடைக்கவே இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் யோசித்தேன். முந்நூறு ரூபாய்க்கு ஸ்டிக்கர் கிடைக்கிறது என்று தேடிப் பார்த்தும் வைத்திருந்தேன். தவணைத் தேதி அப்படி. மூன்றாம் நாள் காலை மறுபடி அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்தேன். ஸ்டிக்கர் ஒட்ட வேண்டுமானால் முதலில் அதை அழிக்க வேண்டும். அந்தப் பெரியவரையும், லேத் பிடித்தவரையும், சுற்று எண்ணியவரையும் சேர்த்தே அழிக்க வேண்டும். கை வரவில்லை.

நம் கல்லூரி இசைக் குழுவில் பேஸ் இல்லை என்று இப்போதைய மாணவர் ஒருவர் மூலம் கேள்விப்பட்டேன். மின்னியல் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஒரு தாளில் குறைகளை எண் போட்டு எழுதிக் கொடுத்தேன்: கம்பெனி தெரியாது, காயில் மறுபடி கட்டியது, மூன்று கட்டைகள் தேய்ந்தவை, ஒரு சாவி நம்மூர் லேத், டோன் திருகினால் கரகரக்கும்.

"இதே விலைக்குப் புதுசே வருதுங்கண்ணா" என்றார்.

"வருதும்மா. வாரண்டியோட வரும். யோசிச்சு வாங்கு" என்றேன். அது நிஜம்தானே? ஒருவர் விற்றால்தான் இன்னொருவர் வாசிக்கலாம் என்ற காலம் போய்விட்டது.

மடியில் வைத்து அடிக் கம்பியைத் தட்டினார். ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. கழுத்தில் கையை மேலும் கீழும் ஓட்டிவிட்டு, "புதுசுல இந்த வழவழப்பு இல்லீங்கண்ணா" என்றார். ஐந்து பேர் உள்ளங்கை நாற்பது வருஷத்துக்கு மேல் தேய்த்த வழவழப்பு அது. பன்னிரண்டாயிரத்துக்குப் பேசி முடித்தோம். மூன்று தவணை. சும்மா கொடுக்க ஆசை இருந்தது. எனக்குப் பணமும் வேண்டியிருந்தது, பெரியவர் சொன்னதும் ஞாபகம் வந்தது. வங்கித் தவணைக்குப் போதாத மீதிக்கு என் பைக்கை விற்றேன். அதற்கும் குறைகளைச் சொல்லித்தான் விற்றேன்!

போகும்போது அந்தத் தங்கை, "உள்ளே நீங்க ஒண்ணும் எழுதலீங்களா?" என்று கேட்டார். பென்சில் எடுத்து, பழைய வரிக்குக் கீழே என் வருஷங்களை மட்டும் எழுதினேன். அவருக்கு இடம் விட்டிருக்கிறேன்.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கிடாரோ, தபேலாவோ, கீபோர்டோ இருக்கும். கூடுகைக்கு வரும்போது எடுத்து வாருங்கள். தம்பி தங்கைகளிடம் குறையைச் சொல்லி, நியாய விலை பேசி, விற்றுவிட்டுப் போங்கள்.

(கட்டுரையாளர்: இயந்திரவியல் துறை, 2007–2011)