பச்சரிசியும் புழுங்கலரிசியும்
நம்மவர் அகங்களில் பெரும்பாலும் சாதத்துக்குப் பச்சரிசி, இட்லிக்குத்தான் புழுங்கலரிசி. இதில் ஒரு சரித்திரம் உண்டு. 1890களில் ஜாவாவில் டச்சு மருத்துவர் ஐக்மான், தீட்டிய அரிசி தின்ற கோழிகளின் கால்கள் முடங்குவதையும், தவிடு நீக்காத அரிசியால் அவை தேறுவதையும் கண்டார். கைகால் மரத்து இருதயம் நலியும் பெரிபெரி நோயின் மர்மம் விலகத் தொடங்கியது. 1929-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டிலும் ஆந்திரக் கடலோர ஜில்லாக்களில், ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்டவர்களை இந்நோய் வாட்டியது. புழுங்கலரிசி உண்டவர்களிடம் அது அபூர்வம். நெல்லை அவிக்கையில் தவிட்டிலுள்ள பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது.

சிராத்தத்துக்கும் நைவேத்யத்துக்கும் பச்சரிசியே இருக்கட்டும். தினப்படி சாதத்துக்குப் புழுங்கலரிசி வைத்தால் ஆசாரம் குறையாது, தேகத்துக்கும் நல்லது என்பதே என் அபிப்பிராயம்.