மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம்

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம் என்பது, அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு, படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் வழங்கும் தமிழ்நாடு அரசின் திட்டமாகும். மக்களிடம் 'புதுமைப் பெண் திட்டம்' என்ற பெயரே வழங்குகிறது. 2022 செப்டம்பர் 5, ஆசிரியர் நாளன்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் சென்னையில் இதைத் தொடங்கி வைத்தார்.

இதன் வேர் ஒரு திருமண உதவித் திட்டத்தில் இருக்கிறது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய இராமாமிர்தம் அம்மையாரின் (1883–1962) பெயரில், 1989இல் மு. கருணாநிதி அரசு ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு 5,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது. மணப்பெண் எட்டாம் வகுப்பு வரை படித்திருக்க வேண்டும். பின்னர் அது பத்தாம் வகுப்பாக உயர்ந்தது. பழங்குடிப் பெண்களுக்கு மட்டும் ஐந்தாம் வகுப்பே போதுமானதாக இருந்தது. 2011இல் ஜெ. ஜெயலலிதா அரசு 4 கிராம் தங்கத்தைச் சேர்த்தது. பத்தாம் வகுப்பு படித்தவர்களுக்கு 25,000 ரூபாயும், பட்டம் அல்லது பட்டயம் பெற்றவர்களுக்கு 50,000 ரூபாயும் கிடைத்தன. 2016இல் தங்கம் 8 கிராமாகியது. 'தாலிக்குத் தங்கம்' என்று ஊரெல்லாம் அறிந்த திட்டம் இதுதான்.

படிப்பை நிபந்தனையாக்கியது நல்ல யோசனைதான். ஆனால் பணம் கைக்கு வந்தது கல்யாணத்தின்போது. படிக்கும் காலத்தில் அது ஒரு நோட்டுப் புத்தகத்துக்கும் உதவவில்லை. வங்கதேசம் 1994இல் நாடு முழுவதும் கொண்டுவந்த மாணவியர் உதவித்தொகை வேறு வழியில் சென்றது: வகுப்புக்கு ஒழுங்காக வர வேண்டும், தேர்வில் குறிப்பிட்ட மதிப்பெண் பெற வேண்டும், பள்ளி முடியும்வரை மணம் செய்துகொள்ளக் கூடாது.

2022 மார்ச் மாத வரவு செலவுத் திட்டத்தில் திருமண உதவி உயர்கல்வி உதவியாக மாற்றப்பட்டது. தங்கத்தை எதிர்பார்த்திருந்த குடும்பங்களுக்கு இது ஏமாற்றமே. இரண்டையும் நடத்தியிருக்கலாம் என்ற வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது.

இத்தொகையின் மதிப்பு திருவண்ணாமலை போன்ற மாவட்டத்தில் தெளிவாகத் தெரியும். அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு. ஆனால் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வரும் பெண்ணுக்குப் பேருந்துச் செலவு, சாப்பாடு, தேர்வுக் கட்டணம் என்று மாதம்தோறும் ஏதோ ஒன்று இருந்துகொண்டே இருக்கும். பணம் மாணவியின் வங்கிக் கணக்கிலேயே விழுகிறது என்பது முக்கியம். பிற உதவித்தொகை பெறுவோரும் இதைப் பெறலாம். குடும்ப வருமான வரம்பு இல்லை.

2024 ஆகஸ்ட் 9 அன்று மாணவர்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் கோயம்புத்தூரில் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று, அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவியருக்கும் புதுமைப் பெண் திட்டம் விரிவாக்கப்பட்டது. தொகை அப்போதும் 1,000 ரூபாயாகவே இருந்தது. அஞ்சல்வழியில் படிப்போருக்கு இது கிடையாது. கடன் வாங்கி மெட்ரிக் பள்ளியில் படிக்கவைத்த கூலித்தொழிலாளியின் மகளும் இதற்கு வெளியேதான் நிற்கிறாள்.