பொதுவடத்திலிருந்து தனிவாய்க்கு: ஈதர்நெட் சுவிட்ச் இணைப்புகளின் வரலாறு (1973–1998)

ஆய்வுச்சுருக்கம்

கணினி வலையமைப்பின் வரலாறு பெரும்பாலும் வேக வளர்ச்சியின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஈதர்நெட் வலையமைப்பில் கணினிகள் இணைக்கப்பட்ட முறை 1973 முதல் 1998 வரை எவ்வாறு மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பொதுவடத்தின் இடத்தைச் சுவிட்சின் இணைப்புவாய் பெற்றபோது பழுதும் நெரிசலும் தனித்தனியே பிரிந்தன. வலையமைப்பின் மீதான அதிகாரமோ ஓரிடத்தில் குவிந்தது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: ஈதர்நெட், சுவிட்ச், இணைப்புவாய், ஹப், மோதல், முகவரி அட்டவணை.

முன்னுரை

இன்றைய அலுவலகங்களில் உள்ள ஈதர்நெட் சுவிட்சுகளில், போர்ட் என வழங்கும் இணைப்புவாய்கள் 8, 24, 48 என்னும் எண்ணிக்கைகளில் வரிசையாக அமைந்துள்ளன. பொதுவாக ஒவ்வொரு வாயிலிருந்தும் ஒரு வடம் ஒரு கருவியை நோக்கிச் செல்கிறது. ஈதர்நெட் தோன்றிய காலத்தில் இத்தகைய வாய்களும் இல்லை. அவற்றைத் தாங்கும் நடுக்கருவியும் இல்லை. இம்மாற்றம் நிகழ்ந்த படிநிலைகளும் அதன் விளைவுகளும் கீழே ஆராயப்படுகின்றன.

பொதுவடக் காலம்

கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் இயங்கிய ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் ராபர்ட் மெட்காஃப் 1973 மே 22 அன்று எழுதிய குறிப்பில் ஈதர்நெட் என்னும் பெயர் இடம்பெற்றது. ஒளியைத் தாங்கிச் செல்வதற்காக வெளியெங்கும் நிறைந்திருப்பதாக 19ஆம் நூற்றாண்டு இயற்பியலாளர் கருதிய ஊடகமே ஈதர். அதுபோலவே கணினிகள் அனைத்திற்கும் பொதுவான ஊடகமாக ஒரு கோஆக்சியல் வடம் அமைந்தது. மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் உருவாக்கிய முதல் அமைப்பு நொடிக்கு 2.94 மெகாபிட் வேகத்தில் இயங்கியது. இரு கணினிகள் ஒரே நேரத்தில் தரவை அனுப்பினால் மோதல் நேரும். இரண்டும் தற்போக்கான கால இடைவெளி விட்டு மீண்டும் அனுப்பும்.

டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் ஆகிய நிறுவனங்கள் 1980இல் 10 மெகாபிட் ஈதர்நெட் விதிமுறையை வெளியிட்டன. 1983இல் ஐஇஇஇ அமைப்பின் 802.3 தரநிலை ஏற்கப்பட்டது. இதன்படி தடித்த வடத்தின் ஒரு துண்டு 500 மீட்டர் வரை நீளலாம், 2.5 மீட்டர் இடைவெளிகளில் 100 இணைப்புகள் வரை பெறலாம். பின்னர் வந்த மெல்லிய வடத்தில் இவ்வெல்லை 185 மீட்டர், 30 இணைப்புகள் எனக் குறைந்தது. மெல்லிய வடம் எங்கேனும் ஓரிடத்தில் அறுந்தால் அத்துண்டு முழுவதும் செயலிழக்கும். பழுதான இடத்தைக் கண்டறிய வடம் நெடுகிலும் சோதிக்க வேண்டியிருந்தது. மேலும், ஒருவர் அனுப்பிய தரவு அவ்வடத்தில் இணைந்த அனைவரின் கணினிக்கும் எட்டியது.

ஹப்: வடிவ மாற்றம்

முறுக்கிய செப்புக் கம்பி இணைகளைப் பயன்படுத்தும் 10பேஸ்-டி தரநிலை 1990இல் வெளிவந்தது. கணினி ஒவ்வொன்றும் 100 மீட்டருக்கு மிகாத தனிவடத்தால் ஹப் எனும் நடுக்கருவியின் ஒரு வாயோடு இணைந்தது. தரவு இல்லாத வேளையிலும் இரு முனைகளும் சிறு துடிப்புகளை அனுப்பின. அவற்றைக் கொண்டு இணைப்பு உயிரோடிருப்பதை வாயின் விளக்கு காட்டியது. இதனால் வடத்தில் நேரும் பழுது ஒரு வாயோடு நின்றது.

எனினும் ஒரு வாயில் வந்த சமிக்ஞையை ஹப் ஏனைய வாய்கள் அனைத்திற்கும் அனுப்பியது. மோதலும் பொதுச் செவிமடுப்பும் நீடித்தன. எனவே ஹப் வடிவத்தால் விண்மீன் அமைப்பாயினும் செயலால் சுருக்கப்பட்ட பொதுவடமே எனலாம்.

சுவிட்ச்: செயல் மாற்றம்

செயல் மாற்றத்திற்கான வித்து 1980களில் உருவான பிரிட்ஜ் கருவியில் இருந்தது. டிஜிட்டல் நிறுவனத்தின் மார்க் கெம்ப் வடிவமைத்த இரு வாய்ப் பிரிட்ஜ், தன்னிடம் வரும் தரவுச் சட்டத்தின் அனுப்புநர் முகவரியைப் படித்து, அக்கணினி எப்பக்கம் உள்ளது என்பதைக் கற்றது. வினோத் பரத்வாஜ், லாரி பிளேர் ஆகியோர் நிறுவிய கல்பனா நிறுவனம், பல வாய்களிடையே ஒரே நேரத்தில் தரவைக் கடத்தும் ஈதர்சுவிட்ச் என்னும் 7 வாய்க் கருவியை 1990இல் வெளியிட்டது. 1994இல் அந்நிறுவனத்தைச் சிஸ்கோ வாங்கியது.

சுவிட்ச் 48 பிட் முகவரிகளை வாய் எண்களோடு பொருத்தி ஓர் அட்டவணையில் வைக்கிறது. பெறுநரின் வாய் தெரிந்தால் தரவை அங்கு மட்டும் அனுப்புகிறது. தெரியாவிடில் வந்த வாய் நீங்கலாக ஏனைய வாய்களுக்கெல்லாம் அனுப்புகிறது. 1997இன் 802.3எக்ஸ் தரநிலை, ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் வல்ல இருவழி முறைக்கு வழிசெய்தது. அம்முறையில் மோதல் என்பதே இல்லை. ஈதர்நெட்டின் தொடக்ககால அடையாளமான பொது ஊடகம் இவ்வாறு மறைந்தது. தரவுச் சட்டத்தின் அமைப்பும் முகவரி முறையுமே பெயரின் தொடர்ச்சியைக் காத்தன.

இணைப்புவாயும் அதிகாரமும்

இரு சுவிட்சுகளை இரண்டு வடங்களால் இணைத்தால் சுழல் உண்டாகும். ஈதர்நெட் சட்டத்தில் பயணத்தை முடித்துவைக்கும் எண்ணிக்கை ஏதுமில்லை. ஆதலால் அனைவருக்குமான செய்தி முடிவின்றிச் சுற்றும். இதனைத் தடுக்க ராடியா பெர்ல்மன் 1985இல் வகுத்த கிளைமர நெறிமுறை, தேவைக்கு மிகுந்த வாய்களை அடைத்து வைத்தது. வடம் பொருந்தியிருப்பதும் தரவு செல்வதும் வேறு வேறு என்னும் நிலை இங்கு உருவானது.

1998இன் 802.1கியூ தரநிலை இதனை மேலும் விரித்தது. அதன்வழி அடுத்தடுத்த இரு வாய்களைத் தனித்தனி மெய்நிகர் வலையமைப்புகளில் வைக்க இயன்றது. ஒரு வாயின் போக்குவரத்தை மற்றொரு வாய்க்குப் படியெடுத்து அனுப்பும் வசதியும் நிர்வகிக்கத்தக்க சுவிட்சுகளில் இடம்பெற்றது. பொதுவடத்தில் எவரும் செவிமடுக்கலாம். சுவிட்சிலோ அவ்வசதி முதன்மையாக நிர்வாகியின் கையில் உள்ளது. யார் எவரோடு பேசலாம் என்பதை முடிவு செய்வதும் அவரே.

முடிவுரை

பொதுவடம் அனைவரையும் சமமாக இணைத்தது; அனைவரையும் ஒருசேர வீழ்த்தவும் செய்தது. இணைப்புவாய் ஒருவரின் பழுதிலிருந்து மற்றவரைக் காத்தது. அதற்கு ஈடாக வலையமைப்பின் ஒழுங்கைச் சுவிட்சை ஆள்பவரிடம் ஒப்படைத்தது. ஆகவே ஈதர்நெட்டின் வரலாற்றை வேகங்களின் வரிசையாக மட்டும் எழுதுவது நிறைவுடையதன்று. பகிர்விலிருந்து பகுப்புக்கும், பகுப்பிலிருந்து கட்டுப்பாட்டுக்கும் நகர்ந்த வரலாறாகவும் அது எழுதப்பட வேண்டும்.