ஒரே வாடிக்கையாளரை நம்பிய பேருந்துப் பட்டறை

ஒரு பேருந்தைப் பார்த்ததும் அதன் சேசிஸைச் செய்த நிறுவனத்தின் பெயரைத்தான் சொல்கிறோம். நாம் ஏறி உட்காரும் பாடியைக் கட்டியவர் யார் என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்கப்படாமலே போன பெயர்தான் ஈஸ்டர்ன் கோச் வொர்க்ஸ். இங்கிலாந்தின் கிழக்குக் கோடியில், லோஸ்டாஃப்ட் என்னும் மீன்பிடித் துறைமுகத்தில் இருந்த பட்டறை அது.

முதல் உலகப் போர் முடிந்ததும் யுனைடெட் என்ற பேருந்து நிறுவனம் தனக்கு வேண்டிய பாடிகளை அங்கே தானே கட்டத் தொடங்கியது. 1936-இல் அது தனி நிறுவனமானது. 1940-இல், எதிரிப் படை கடல்வழி வந்து இறங்கிவிடுமோ என்ற அச்சத்தில் பட்டறையை மூடச் சொன்னது அரசு. வேலை உள்நாட்டில் உள்ள இர்த்லிங்பரோவுக்கு மாறியது. போர் முடிந்த பிறகு மீண்டும் லோஸ்டாஃப்ட்.

1948-இல் நிறுவனம் அரசுடைமையானது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. அரசுப் பேருந்து நிறுவனங்களுக்கு மட்டுமே இனி விற்கலாம் என்று விதி வந்தது. சேசிஸ் செய்த பிரிஸ்டல் நிறுவனத்துக்கும் அதே கட்டு. வாங்க ஆள் இருக்கிறார். ஆனால் வேறு ஆளைத் தேட முடியாது.

அந்தக் கட்டுக்குள்ளேதான் இவ்விரு நிறுவனங்களும் சேர்ந்து ஓர் அருமையான வேலையைச் செய்தன. இங்கிலாந்தில் தாழ்வான ரயில் பாலங்கள் ஏராளம். ஈரடுக்குப் பேருந்து அவற்றின் கீழே நுழைய வேண்டுமென்றால், மேல்தட்டு நடைபாதையை ஓர் ஓரமாகத் தள்ளிப் பள்ளமாக்குவார்கள். மேலே நான்கு பேர் ஒரே நீள இருக்கையில் நெருக்கியடித்து உட்காருவார்கள். கீழே, அந்தப் பள்ளத்துக்கு அடியில் இருப்பவர் எழுந்தால் தலையில் இடிக்கும்! 1949-இல் மாதிரி வண்டியாக வந்த 'லோடெக்கா' இதற்கு முடிவு கட்டியது. பின் அச்சை வளைத்து இறக்கி, தரையையே தாழ்த்திவிட்டார்கள். உயரம் ஏறத்தாழ ஓரடி குறைந்தது. நடைபாதை நடுவிலேயே இருந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட லோடெக்காக்கள் ஓடின.

தனியாரும் நகராட்சிகளும் ஆசைப்பட்டும் அதை வாங்க வழியில்லை. டென்னிஸ் நிறுவனம் உரிமம் பெற்று 'லோலைன்' என்ற பெயரில் செய்து விற்றது. தன் சரக்கு பிறர் பெயரில் போவதைப் பார்த்திருப்பதைவிடக் கொடுமை ஒரு பட்டறைக்கு உண்டா?

1965-இல் லேலண்ட் பங்குதாரராக வந்த பிறகே கட்டு தளர்ந்தது. ஆனாலும் பெரிய வாடிக்கையாளர் அரசின் தேசியப் பேருந்து நிறுவனம்தான். பிரிஸ்டல் 1983-இல் மூடப்பட்டது. புதிய பேருந்துக்கு அரசு தந்துவந்த மானியமும் நின்றது. 1986 அக்டோபரில் லண்டனுக்கு வெளியே பேருந்துச் சேவை கட்டுப்பாடின்றித் திறந்துவிடப்பட்டது. தேசிய நிறுவனமும் துண்டு துண்டாக விற்கப்பட்டது. நாளை என்ன ஆகும் என்று தெரியாதபோது புது வண்டி யார் வாங்குவார்? தயாரிப்புகள் வரவேற்புக் குறைந்து வீழவில்லை என்பதே என் கருத்து. வாங்கும் கையே கலைந்துபோனது.

1987 ஜனவரியில் லேலண்ட் அந்தப் பட்டறையை மூடியது. ஒலிம்பியன் பேருந்துகளின் பாடி கட்டும் வேலை, நாட்டின் மறுகோடியில் உள்ள வொர்க்கிங்டன் ஆலைக்குப் போனது. லோஸ்டாஃப்டில் பட்டறை இருந்த இடத்தில் பின்னாளில் கடைகள் எழுந்தன.