புதுக்குடித்தனமும் அடுக்களையும்

ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தரவேண்டுமெனச் சங்கத்துச் செயலாளர் பணித்தபோது யாம் சற்றே திகைத்தோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்தில் பார்சல் இரசீது எழுதிப் பழகிய கை எமது. ஆயினும் அன்பர் கட்டளையைத் தட்டுதல் ஆகாது என்று துணிந்தோம்.

கொச்சியின் வரலாற்றை எழுதியோர் பலர். 1341-இல் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்து துறைமுகம் திறந்த செய்தியும், 1503-இல் போர்த்துகீசியர் கோட்டை எழுப்பிய செய்தியும், 1663-இல் ஒல்லாந்தரும் 1795-இல் ஆங்கிலேயரும் அதனைக் கைப்பற்றிய செய்தியும் நாம் அறிந்தனவே. மிளகுக்காகக் கடல் கடந்து வந்த கப்பல்களின் கதை நூல் நூலாக உள்ளது. அந்த மிளகை அம்மியில் வைத்து அரைத்த பெண்ணின் கதைதான் எழுதப்படவில்லை. அதிலும், மணமாலை வாடுமுன்னரே பிறந்த மண்ணை விட்டுப் புகைவண்டியேறி, மொழி வேறாய், நீர் வேறாய், அரிசி வேறாய் உள்ள ஊரில் முதல் அடுப்பை மூட்டிய புதுமணப் பெண்ணின் கதையை யாரும் எழுதியிலர். அவளைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

நம் முன்னோர் இப்பொருளைச் சிறிதென்று ஒதுக்கினாரல்லர். குறுந்தொகையில் 167-ஆம் பாட்டு முழுவதும் ஒரு புதுமணப் பெண்ணின் சமையலே. மகளின் புதுமனைக்குச் சென்று திரும்பிய செவிலி, தான் கண்டதைப் பெற்ற தாயிடம் கூறுகிறாள். அப்பெண் கட்டித் தயிரைத் தன் மெல்விரலால் பிசைந்தாள். அவ்விரலை உடுத்த ஆடையிலேயே துடைத்துக்கொண்டாள். தாளிப்புப் புகை மையுண்ட கண்களில் படிய, தானே துழாவிப் புளிக்குழம்பு சமைத்தாள். கணவன் உண்டு, இனிது என்றான். அவள் முகம் பிறர் அறியா வண்ணம் மெல்ல மலர்ந்தது. அவ்வளவே பாட்டு. கணவன் சொன்ன ஒரு சொல்லையும், அச்சொல்லால் மலர்ந்த முகத்தையும் சொல்லிப் புலவர் முடித்தார்.

இப்பாட்டைப் பாடியவர் கூடலூர் கிழார். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவரும் இவரே என்பர். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்னும் சேர மன்னன். நாம் வந்து குடியேறியிருக்கும் இந்நிலம் பழைய சேரநாடே ஆதலின், இவ்வுறவை எண்ணி யாம் பெருமகிழ்வு எய்துகிறோம். அந்த ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய தலைவி ஒருத்தி, தன் தாய்வீட்டுத் தேன்கலந்த பாலைக் காட்டிலும், கணவன் நாட்டில் தழை மூடிய கிணற்றின் அடியில் மான் குடித்து எஞ்சிய கலங்கல் நீரே தனக்கு இனிது என்கிறாள். நற்றிணையில் போதனார் பாடிய பெண்ணோ, தாய்வீட்டில் பொற்கிண்ணத்துப் பாலையும் உண்ண மறுத்து ஓடியவள். புகுந்த வீடு வறுமையுற்றபோது, தந்தை வீட்டுச் சோற்றை நினையாமல் ஒருவேளை விட்டு ஒருவேளை உண்டு வாழ்கிறாள். குழம்பு, நீர், சோறு ஆகிய மூன்றுமே புதுமனையின் சோதனைகள் என்பதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம் புலவர் கண்டிருந்தனர்.

பழங்காலத்தில் புதுமணப் பெண்ணுக்கு அடுக்களையில் ஆசிரியர் இருந்தனர். மாமியார், நாத்தனார், ஓரகத்தி எனக் கூட்டுக்குடும்பத்தில் பலர் கூடி நின்று சொல்லிக் கொடுத்தனர். கண்டிப்பும் கண்ணீரும் அங்கு உண்டு. ஆயினும் கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தது. இரயில் வந்தது, அதனைத் தொடர்ந்து அரசாங்க உத்தியோகமும் கம்பெனி வேலையும் வந்தன. சோரனூரிலிருந்து எர்ணாகுளத்திற்கு 1902-இல் வண்டி ஓடத் தொடங்கியது. கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைத்து மலையைக் குடைந்து போட்ட பாதை 1904-இல் திறந்தது. கணவன் வேலை பார்க்கும் ஊருக்கு மனைவி தனியே வந்து சேர்ந்தாள். அடுப்பு இருந்தது, அருகில் நின்று சொல்ல ஆள் இல்லை.

இக்குறையை உணர்ந்து எழுந்ததே ‘சமைத்துப் பார்’ என்னும் நூல். 1905-இல் பிறந்த எஸ். மீனாட்சி அம்மாள், இளமையிலேயே கணவரை இழந்தவர், சமையலில் வல்லவர். உறவுப் பெண்கள் மணமாகி வெளியூர் சென்றபின், இதை எப்படிச் செய்வது, அதை எப்படிச் செய்வது என்று அவரைக் கேட்ட வண்ணம் இருந்தனர். அவருடைய மாமனாகிய வழக்கறிஞர் கே. வி. கிருஷ்ணசுவாமி ஐயர், இவற்றை நூலாகவே எழுதுக என்று ஊக்கினார். 1951-இல் முதற்பாகம் வெளிவந்தது. மீனாட்சி அம்மாள் 1962-இல் மறைந்தார். அவர் நூலோ, புதுமணப் பெண்ணின் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்து அனுப்பும் சீதனமாயிற்று. ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டுக் கடல்கடந்தும் சென்றது. ஆழாக்கும் படியும் வழங்கிய காலத்து நூல் அது. எடையும் அளவும் பற்றிய 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் கிலோவும் லிட்டரும் வந்தபோது, அளவுகளை மாற்றிப் புரிந்துகொள்வதே ஒரு பாடமாயிற்று.

நூலின் பெயரை அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். படித்துப் பார் என்று அவ்வம்மையார் பெயரிடவில்லை. சமைத்துப் பார் என்றார். அளவை ஏடு சொல்லும். ஊரின் நீரையும் நெருப்பையும் சமைப்பவளே அறிய வேண்டும். இதனை யாம் கற்ற இடம், யாம் குடியிருக்கும் பள்ளுருத்தி.

மட்டாஞ்சேரிக்குத் தெற்கே, காயலுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில் உள்ளது பள்ளுருத்தி. 1967 நவம்பர் 1-ஆம் நாள் கொச்சி மாநகராட்சி அமைந்தபோது அதனுள் சேர்ந்தது. இதற்குத் தெற்கே கும்பளங்கி, செல்லானம் பக்கங்களில் உப்புநீரையும் தாங்கி வளரும் பொக்காளி நெல் விளையும். மழைக்காலத்தில் நெல், அறுவடைக்குப்பின் அதே வயலில் இறால். சுற்றிலும் நீர், குடிப்பதற்கோ நீர் அரிது. குழாய் வருமுன், பெரியாற்று நன்னீரை ஆலுவாயிலிருந்து வள்ளங்களில் ஏற்றிக் கொச்சிக்குக் கொணர்ந்தனர். இவ்வூரில் கண்ட யானைக்கால் நோய்க்கு ஐரோப்பியர் கொச்சிக்கால் என்றே பெயரிட்டு, தண்ணீரே காரணம் என்று நம்பினர். கொசுவே காரணம் என்பது பின்னரே தெளிந்தது.

அரிசிக்கும் இங்கு ஒரு வரலாறு உண்டு. கொச்சியும் திருவிதாங்கூரும் பர்மா அரிசியை நம்பியிருந்தன. 1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியர் கைப்பட்டதும் அவ்வரிசி நின்றது. அளந்து கொடுத்த ரேஷன் அரிசியோடு மரச்சீனிக் கிழங்கே பசியாற்றியது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் அக்கிழங்கைப் பயிரிட ஊக்குவித்தது, அறுபதாண்டுகளுக்குப் பின் பல உயிர்களைக் காத்தது. அந்நாளில் இங்கு குடித்தனம் தொடங்கிய நம் சமூகத்துப் பெண்கள், சோற்றுக்குப் பழகிய கையால் கிழங்கை வேகவைக்கக் கற்றனர்.

அடுக்களைக்கு வேண்டிய பண்டங்களுக்குப் பள்ளுருத்தியில் ஒரு சந்தை உண்டு. மலையாள ஆண்டின் தனு மாதத்துக் கடைசி வியாழக்கிழமையன்று அழகியகாவு பகவதி கோயில் திடலில் கூடும் புலவாணிபம் அது. தீண்டாமை நிலவிய நாளில் வாசலுக்குப் புறத்தே நிறுத்தப்பட்ட புலையர் சமூகத்தினர், ஆண்டுக்கொருமுறை அங்கு வந்து வணங்கவும் வாணிபம் செய்யவும் பெற்ற உரிமையின் நினைவு இச்சந்தை. மண்சட்டி, பாய், முறம், கூடை, உலர்மீன் முதலிய அனைத்தும் அங்கே கிட்டும். உழைப்பவர் கையால் வனைந்த சட்டியில்தான் மேல்வீட்டாரின் மீன்குழம்பும் கொதித்தது என்பதை அச்சந்தை ஆண்டுதோறும் நினைவூட்டுகிறது.

இனி எம் இல்லத்துச் செய்தி சிறிது கூறுவதை அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். 2005-இல் எமக்குத் திருமணம் நடந்தது. திருநெல்வேலியிலிருந்து மீட்டர் பாதை வண்டியில் கொல்லம் வந்து, அங்கே அகலப்பாதை வண்டிக்கு மாறிப் பள்ளுருத்தி சேர்ந்தோம். எம் துணைவியார் உண்பதிலும் சமைப்பதிலும் மிக்க விருப்பமுடையவர். நல்லெண்ணெய் டின், வடகம், அப்பளக்கட்டு, ‘சமைத்துப் பார்’ ஆகிய நான்கும் அவர் மூட்டையில் இருந்தன.

முதல் வாரம் சாம்பார் வைத்தார். பருப்பு வேகவில்லை. மறுநாளும் வேகவில்லை. ஏட்டை எடுத்துப் பார்த்தார். தம் கைப்பக்குவமே குறை என்று எண்ணி வாடினார். அடுத்த வீட்டுச் சேச்சி வந்து பார்த்து நகைத்து, கிணற்று நீரில் பருப்பு வேகாது, குழாய் நீரைப் பிடித்து வை என்றார். கடின நீரிலுள்ள சுண்ணாம்புச்சத்து பருப்பை எளிதில் வேகவிடாது என்னும் காரணத்தைப் பின்னர் அறிந்தோம். எந்த ஏடும் பள்ளுருத்திக் கிணற்றைப் பற்றி எழுதியிருக்க இயலாதன்றோ?

அதே சேச்சி குடம்புளியை அறிமுகம் செய்தார். நம் புளியைப்போல் அதனைக் கரைத்துப் பிழிவதில்லை. புகையில் உலர்ந்து கறுத்த தோலைக் கழுவி, அப்படியே குழம்பில் இட்டுக் கொதிக்கவிடுவர். தேங்காயெண்ணெயில் தாளித்து, குடம்புளி இட்டு, மண்சட்டியில் எம் துணைவியார் மீன்குழம்பு வைத்த நாள் எமக்கு நன்கு நினைவிருக்கிறது. பணியிலிருந்து திரும்பி உண்ண அமர்ந்தோம். அவர் எம் முகத்தையே நோக்கி நின்றார். யாம் சொன்னது, ‘எங்கள் அம்மா வைப்பதுபோல் இல்லை’ என்பதே. அவர் ஒன்றும் மறுமொழி கூறவில்லை. சட்டியை மூடி வைத்துவிட்டு உள்ளே சென்றார். கூடலூர் கிழார் பாட்டில் வரும் கணவன் சொன்ன ஒரு சொல், பத்தாம் வகுப்பு வரை தமிழ் படித்த எம் வாயில் அன்று வரவில்லை.

அடுத்த விடுமுறையில் ஊர் சென்றபோது, துணைவியார் எம் அன்னையாரின் அருகில் அமர்ந்து குழம்பின் பக்குவத்தைக் கேட்டறிந்தார். அன்னையாருக்கு அளவு சொல்லத் தெரியாது. கைப்பிடி, கண்திட்டம், கொதியின் வாசனை இவையே அவர் கணக்கு. துணைவியார் அவ்வளவையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். பின்னொரு முறை அன்னையார் பள்ளுருத்திக்கு வந்து, குடம்புளி இட்ட குழம்பை உண்டு, இனிதாயிருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னார். ஊர் திரும்பும்போது குடம்புளிப் பொட்டலம் ஒன்றும் கொண்டு சென்றார். யாம் சொல்லத் தவறிய சொல்லை எம் அன்னையார் சொன்னார்.

சென்ற ஆண்டு அன்னையார் இறைவனடி சேர்ந்தார். உடன்பிறந்தார் இல்லங்களில் அவர் கைக்குழம்பு இன்று இல்லை. அது உள்ள ஒரே இடம் எம் துணைவியாரின் நோட்டுப் புத்தகம். அதன் ஓரத்தில் ‘குழாய்நீர்’, ‘குடம்புளி இரண்டு துண்டு’ என்று பள்ளுருத்தியின் குறிப்புகளும் உள்ளன. எண்ணெய்க் கறை படிந்த அவ்வேடே எம் குடும்பம் இங்கு குடியேறிய வரலாறு என்று இன்று உணர்கிறோம்.

சங்கத்து அன்பர்களுக்கு எம் வேண்டுகோள் இரண்டு. நம்மிடையே ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் புதுமணப் பெண்களாக இங்கு வந்த மூதாட்டியர் உள்ளனர். முதலில் எந்த நீரில் உலை வைத்தனர், எந்தக் கடையில் அரிசி பெற்றனர், யாரிடம் இவ்வூர்ச் சமையல் கற்றனர் என்பதை அவர்கள் வாய்ச்சொல்லாகவே கேட்டெழுதி, அடுத்த மலரில் வெளியிட வேண்டும். காலம் தாழ்த்தினால் கேட்பதற்கு ஆள் இராது.

இரண்டாவது வேண்டுகோள் ஆடவர்க்கு. இன்றிரவு உண்ணும்போது அந்த ஒரு சொல்லைச் சொல்லுங்கள். யாம் இருபதாண்டு தாழ்த்திச் சொன்னோம். துணைவியார் நகைத்து, இன்றைக்கு உப்பு சற்றுக் கூடிவிட்டதே என்றார். ஆயினும் அவர் முகம் மலர்ந்ததை யாம் கண்டோம்.