செல்லாது

இந்த வார்த்தையை நாங்கள் முதலில் கேட்டது காசில்தான். தேய்ந்துபோன நாலணாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் விட்டெறிவார்: "இது செல்லாது, வேற குடு." அதே காசை ஊர்ப் பையன் நீட்டினால் பேசாமல் வாங்கிக் கல்லாவில் போடுவார். செல்லாமல் போவது காசின் குணமல்ல, வாங்குகிற கையின் முடிவு என்று அப்போதே தெரிந்துவிட்டது.

செல்லுதல் என்றால் போதல். எவனுடைய வாக்கு நினைத்த இடத்துக்குப் போய்ச் சேருகிறதோ அவனுக்குச் செல்வாக்கு. சேராதவனைச் செல்லாக்காசு என்பார்கள். 'எம் பேச்சு எங்க செல்லுது' என்று நம் பெரியவர்கள் அலுத்துக்கொள்வதும் இதே சொல்லில்தான்.

இந்தச் சொல் பஞ்சமி நிலத்தில் ஏறியது ஒரு விசேஷம். செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை குறித்து அறிக்கை கொடுத்தார். 1892இல் ஆணை வந்தது. தாழ்த்தப்பட்டோருக்கு ஒப்படைத்த அந்த நிலத்தைப் பத்து வருஷம் யாருக்கும் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதன்பிறகும் தாழ்த்தப்பட்டவருக்கே விற்கலாம். மீறி எழுதிய கிரயம் செல்லாது, சர்க்கார் நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். அதாவது கிரயம் தோற்றுப்போக வேண்டும் என்பதற்காகவே போட்ட சொல் இது. கடனில் கிடப்பவன் கைநாட்டு வைத்துவிடுவான் என்று தெரிந்தே போட்ட பூட்டு.

நடந்தது என்ன? கல்யாணக் கடனுக்கும் கேழ்வரகு மூட்டைக்கும் கைநாட்டு வாங்கினார்கள். செல்லாத கிரயப் பத்திரம் பதிவானது, அதன்மேல் பட்டா மாறியது, அந்தப் பட்டாவைக் காட்டி வங்கியில் கடனும் கிடைத்தது. எங்க ஆயா பெட்டியிலிருந்த பழைய பட்டாவைத் தாலுகா ஆபீசில் நீட்டினபோது, "இதெல்லாம் செல்லாதும்மா" என்றார் குமாஸ்தா. நல்ல மனுஷன்தான், மரியாதையாகத்தான் சொன்னார். சட்டம் அவர்களுக்குச் சொன்ன வார்த்தை, நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டது.

காரணை பஞ்சமி நிலத்தில் நம் மக்கள் நட்ட அம்பேத்கர் சிலையை அகற்றினார்கள். அதைக் கண்டித்துப் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். அவர்கள் கேட்டது புதுச் சட்டம் ஒன்றுமில்லை. நூறு வருஷத்துக்கு முந்திய 'செல்லாது' என்ற சொல்லைச் செல்ல வையுங்கள் என்றுதான் கேட்டார்கள்.

நிலம் தேடிப்போகும் தோழர்களுக்கு ஒன்று. இப்போதைய 'அ' பதிவேட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் எத்தனையோ சர்வே எண்களுக்கு எதிரே நிபந்தனைக் குறிப்பு காணாமல் போயிருக்கிறது. அதற்கு முந்திய பதிவேட்டைக் கேளுங்கள். செல்லரித்துவிட்டது என்பார்கள். மனுவாக எழுதிக் கொடுத்து, அந்தப் பதிலையே எழுத்தில் வாங்குங்கள்.