சுருட்டுப் பெட்டியும் சட்டசபை சீட்டும்

ஒரு காலி சுருட்டுப் பெட்டி. அதற்கு வண்ணம் தீட்டி அழகு பண்ண வேண்டும். எதற்கு? கட்சி கிளப் நடத்தும் வருடாந்தர சீட்டாட்ட விழாவில், குலுக்கல் சீட்டுகளைப் போட்டு வைக்க!

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில், நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில், டெமாக்ரடிக் கட்சியின் கிளப் ஒன்றில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட 'அரசியல் பணி' கிட்டத்தட்ட இவ்வளவுதான். விழாவில் வசூலாகும் பணத்தை வைத்துத்தான் கிளப்பே நடந்தது. ஆனால், அந்த விழாவுக்கு ஆகும் செலவுக்காகப் பெண்கள் ஊர் ஊராகக் கையேந்த வேண்டும்!

புதிதாக வந்து சேர்ந்த ஓர் இளம்பெண்ணும் பெட்டிகளுக்கு வண்ணம் அடித்தார். அடித்துக்கொண்டே யோசித்தார். 'கிளப்புக்குப் பணம் கொண்டுவருவது நாம். அப்புறம் நம் செலவுக்குக் கிளப் ஏன் பணம் தரக் கூடாது?' மற்ற பெண்களையும் கிளப்பிவிட்டார். ஆண் தலைவர்கள் முகம் சுளித்தார்கள். கடைசியில் பணம் கொடுத்தார்கள்!

அந்தப் பெண்ணின் பெயர் ஷெர்லி. பிற்பாடு கான்ராட் சிஷோம் என்பவரை மணந்து ஷெர்லி சிஷோம் ஆனார். 1972-ல் அமெரிக்க ஜனாதிபதி பதவிக்கே போட்டியிட முயன்ற கறுப்பினப் பெண்மணி என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அந்தக் கதை பிரபலம். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு எட்டு வருடம் முன்னால் நடந்த ஒரு சின்னத் தேர்தலைப் பற்றி. என்னைக் கேட்டால், அதுதான் பெரிய தேர்தல்!

ஷெர்லி 1924-ல் புரூக்ளினில் பிறந்தவர். அப்பா பிரிட்டிஷ் கயானாவிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளி. கூலி குறைவு. ஆனாலும் தினசரி பேப்பர் வாங்கிப் படிக்காமல் இருக்கமாட்டார். அம்மா பார்பேடாஸ் தீவைச் சேர்ந்தவர். தையல் வேலை, அடுத்தவர் வீட்டு வேலை என்று எது கிடைத்தாலும் செய்தார். வேலைக்குப் போகும்போது குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வது? வழியில்லாமல், பெற்ற பெண்களைக் கப்பலேற்றி, பார்பேடாஸில் இருந்த பாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஷெர்லி திரும்பி வந்தது 1934-ல்!

இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதைக்கு இது முக்கியம்.

1946-ல் ஷெர்லி புரூக்ளின் கல்லூரியில் பட்டம் வாங்கினார். வேலை தேடினால், போன இடமெல்லாம் திருப்பி அனுப்பினார்கள். காரணம், ஒல்லியான சின்ன உருவம். பார்த்தால் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பெண் மாதிரி இருக்கிறாராம்! கடைசியில் ஹார்லம் பகுதியில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில், "வேலை செய்ய விட்டாவது பாருங்களேன்!" என்று வாதாடி உதவி ஆசிரியையாகச் சேர்ந்தார். இரவு வகுப்பில் மேல்படிப்பு. 1953-ல் ஒரு நர்சரிப் பள்ளியின் பொறுப்பு கிடைத்தது. அடுத்து, மன்ஹாட்டனில் ஹாமில்டன்-மாடிசன் குழந்தைகள் மையத்தின் நிர்வாகி ஆனார். மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரை 130 பிள்ளைகள்!

நர்சரி நடத்துவதை, பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலைதானே என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஒரு வாரம் அந்த வாசலில் நின்று பார்த்தால் தெரியும். காலையில் பிள்ளையை விட்டுவிட்டு ஓடும் தாய்க்கு எத்தனை மணிக்கு ஷிஃப்ட், வீட்டு வாடகை பாக்கியா, புருஷனுக்கு வேலை போய்விட்டதா... ஊரின் மொத்தக் கஷ்டமும் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வரும். அங்கே வந்த பிள்ளைகளில் போர்ட்டோரிகோ குடும்பத்தினர் நிறைய. ஷெர்லி ஸ்பானிஷ் பேசுவார். ஆகவே அந்தத் தாய்மார்கள் மனம்விட்டுப் பேசினார்கள். எந்த அரசியல்வாதிக்கும் கிடைக்காத பயிற்சி!

மாலையில் கட்சி கிளப். அங்கே தலைவர்கள் மேடையில் உட்கார்ந்திருப்பார்கள். ஜனங்கள் கீழே வரிசையில் காத்திருந்து குறை சொல்ல வேண்டும். ஷெர்லியோ எழுந்து நின்று, "எங்கள் தெருவில் மட்டும் ஏன் குப்பை அள்ளுவதில்லை?" என்று நேராகவே கேட்பார். வாயை அடைக்க ஒரு பதவி கொடுத்துப் பார்த்தார்கள். அடையவில்லை. பதவியைப் பிடுங்கினார்கள். அப்போதும் அடையவில்லை!

1960-ல், பழைய தலைமைக்கு எதிராக 'யூனிட்டி டெமாக்ரடிக் கிளப்' என்ற புதிய அமைப்பு உருவானது. முன்னின்றவர் தாமஸ் ஜோன்ஸ் என்ற வக்கீல். ஷெர்லியும் அதில் தூண். 1962 தேர்தலில் ஜோன்ஸ் நியூயார்க் மாநில சட்டசபைக்குப் போனார். நம்மூர் எம்.எல்.ஏ. மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைநகரம் நியூயார்க் நகரம் இல்லை, வடக்கே ஆல்பனி. 1964-ல் ஜோன்ஸ் நீதிபதி ஆகப் போவதாக ஏற்பாடு. தொகுதி காலி!

ஷெர்லி கேட்டார், "எனக்குக் கொடுங்கள்."

அமைதி. வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவர், கவர் ஒட்டியவர், கூட்டம் சேர்த்தவர். எல்லாம் சரி... ஆனால், வேட்பாளரா? பெண்ணா? இதைச் சொன்னவர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள் இல்லை, வெள்ளைக்காரர்களும் இல்லை. இன ஒதுக்கலை எதிர்த்துத் தோளோடு தோள் நின்ற சொந்த இனத்து ஆண்களிலேயே பலர்! கறுப்பராகப் பிறந்ததைவிடப் பெண்ணாகப் பிறந்ததுதான் அரசியலில் தனக்குப் பெரிய தடையாக இருந்தது என்று ஷெர்லி பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த வார்த்தைக்குப் பின்னால் இந்த மாதிரி அறைகள் இருந்தன.

ஆனாலும் அவரைத் தள்ளிவிட முடியவில்லை. அவர் இல்லாமல் கிளப்பே நடக்காது என்பது அந்த ஆண்களுக்கும் தெரியும். டிக்கெட் கிடைத்தது. பிரசாரத்துக்குக் கைக்காசைப் போட்டார் ஷெர்லி. தெருவில் ஓட்டுக் கேட்டு நின்றபோது ஒரு பெரியவர் பிடித்துக்கொண்டார்.

"இந்தக் குளிர்ல இங்கே என்னம்மா பண்றே? புருஷனுக்குச் சாப்பாடு போட்டியா? வீட்டைப் பெருக்கினியா? எலெக்ஷன்ல நிக்கறதெல்லாம் ஆம்பளைங்க சமாசாரமாச்சே!"

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ஷெர்லி கோபப்படவில்லை. நர்சரியில் எத்தனை அடம் பார்த்தவர்! ரொம்ப நாளாக இந்த ஊருக்கு உழைத்து வருவதையும், இனி சட்டசபையில் உழைக்க விரும்புவதையும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அப்புறம் பெண்களைத் தேடிப் போனார். அந்தத் தொகுதியின் சங்கங்களை, சர்ச் குழுக்களை நடத்தியது யார்? பெண்கள்தானே!

முடிவு? ஷெர்லிக்கு 18,151 ஓட்டு. ரிபப்ளிகன் வேட்பாளருக்கு 1,893. லிபரல் கட்சிக்காரருக்கு 913! அது டெமாக்ரடிக் கட்சியின் கோட்டை, டிக்கெட் கிடைத்தாலே பாதி ஜெயித்த மாதிரிதான், நிஜம். அதனால்தான் சொல்கிறேன், உண்மையான தேர்தல் நடந்தது ஓட்டுச்சாவடியில் இல்லை, கிளப்புக்குள்ளே!

ஆல்பனியில் அவர் என்ன செய்தார்? அந்த நர்சரி வாசல் ஞாபகம் இருக்கிறதா? வீட்டு வேலை செய்கிறவர்களுக்கும் வேலையிழப்புக் காப்பீடு வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார். தன் அம்மா செய்த வேலை அது. பிரசவத்துக்காக லீவில் போகும் ஆசிரியைகள் பணி உரிமையை இழக்கக் கூடாது என்று இன்னொரு சட்டம். ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் ஓட்டு இல்லை என்ற மாநில விதியை எதிர்த்து வாதாடினார். தாய்மொழி தெரிந்தவரைப் படிக்காதவர் என்று எப்படிச் சொல்லலாம் என்பது அவர் கேள்வி. ஏழைப் பிள்ளைகளை நகரப் பல்கலைக்கழகத்தில் சேர்த்து, தனி வகுப்பும் உதவித்தொகையும் தரும் 'சீக்' திட்டம் 1966-ல் சட்டமானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தத் திட்டம் இன்றும் நடக்கிறது.

இத்தனைக்கும் அவரால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. தொகுதி எல்லைகளைத் திருத்தியதால் 1964, 1965, 1966 என்று மூன்று வருடத்தில் மூன்று தேர்தல்! மூன்றிலும் ஜெயித்தார். 1968-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண் ஆனார். 'விலை போகாதவள், எவருக்கும் கட்டுப்படாதவள்' என்பது அவர் தேர்தல் முழக்கம். 2005 ஜனவரி 1-ம் தேதி இறந்தார். கல்லறையிலும் அதே வாசகம்தான்.

ஒரு தோல்வியையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளுக்கு அரசாங்கமே நாடு முழுக்கக் காப்பகங்கள் நடத்த வேண்டும் என்று 1971-ல் பெல்லா அப்ஸக்குடன் சேர்ந்து ஒரு மசோதா கொண்டுவந்தார் ஷெர்லி. இரண்டு சபைகளும் இதே நோக்கத்தோடு வேறொரு மசோதாவை நிறைவேற்றின. ஜனாதிபதி நிக்ஸன் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அமெரிக்காவில் அப்படியொரு திட்டம் இன்றுவரை வரவில்லை.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல், பெற்ற மகளைக் கடல் தாண்டி அனுப்பினாள் ஒரு தாய். இன்னொரு தாய் அப்படி அனுப்பக் கூடாது என்றுதான் அந்த மகள் சட்டசபைக்குப் போனாளோ என்று எனக்குத் தோன்றும். சுருட்டுப் பெட்டிக்கு வண்ணம் அடித்தால் போதும் என்று சொன்ன ஆண்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்திருக்கும்?